அத்தியாயம் 7: கர்ப்பமும் சட்டமும் உங்கள் உடம்பும்

மாதம் தள்ளிப்போனது உறுதியான அன்றே, பிள்ளை வேண்டாத பெண்ணின் மனதில் இரண்டு பயம் வந்து உட்காரும். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பொலிஸுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? முதலாவது பயத்துக்கு எந்த வழிகாட்டி நூலும் முழு மருந்து தராது. இரண்டாவதுக்குத் தரலாம். அது அளவுக்கு மீறிய பயம், அந்த அளவுமீறல்தான் ஆளைக் கொல்கிறது. இலங்கையின் கருக்கலைப்புச் சட்டம் கடுமையானது, பழையது, என் பார்வையில் அநியாயமானது. ஆனால் வெள்ளவத்தை அறைகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்ட வீடுகளிலும் மக்கள் நம்பிக்கொண்டிருக்கும் அளவுக்கு அது எல்லாவற்றையும் தடுக்கவில்லை. இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையை 'ஆஸ்பத்திரிக்குப் போனால் மறியல்தான்' என்று சொல்லி அறைக்குள் படுக்கவைப்பது சட்டம் அல்ல. சட்டத்தைப் பற்றிய பிழையான கதை.

சட்டம் என்ன சொல்கிறது

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுதான் அடிப்படை. கர்ப்பிணி ஒருவரின் கருவை வேண்டுமென்றே கலைப்பவருக்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளையின் அசைவு தெரியும் நிலையில் கலைத்தால் ஏழு வருடம் வரை போகும். ஒரேயொரு விலக்கு உண்டு: தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக நல்லெண்ணத்துடன் செய்தது குற்றமாகாது. அந்தப் பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கமும் இருக்கிறது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தக் குற்றத்துக்குள் அடங்குவாள் என்பது அது. பலருக்கு இது தெரியாது. 'செய்தவனுக்குத்தான் தண்டனை, எனக்கில்லை' என்று நம்பியிருப்பார்கள்.

பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைத்தால் 304ஆம் பிரிவு, இருபது வருடம் வரை. கலைக்கப்போய் பெண் இறந்துபோனால் 305ஆம் பிரிவு, அதுவும் இருபது வருடம் வரை. இந்த 304ஐ நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணவனோ காதலனோ மாமியாரோ உங்களை அதட்டிக் கூட்டிக்கொண்டுபோய், நீங்கள் மாட்டேன் என்று சொல்லச்சொல்லக் கலைத்துவிட்டால், உணவிலோ தேநீரிலோ மாத்திரை கலந்து தந்தால், அது உங்களுக்கு எதிராகச் செய்யப்பட்ட பெருங்குற்றம். நீங்கள் முறைப்பாட்டாளர், குற்றவாளி அல்ல. உங்கள் உடம்பில் முடிவெடுக்க மற்றவருக்கு உரிமையில்லை என்று இந்தச் சட்டக்கோவையின் கருக்கலைப்புப் பிரிவுகள் ஒத்துக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

இன்னொன்று. 303 முதல் 307 வரை எங்கே தேடினாலும் கணவனின் அனுமதி என்று ஒரு வரி கிடையாது. உயிராபத்துச் சிகிச்சைக்கு 'அவர் வந்து கையொப்பம் வைக்கட்டும்' என்று யாராவது சொன்னால், அது அந்த இடத்து வழக்கமாக இருக்கலாம். சட்டம் கேட்பது உங்கள் சம்மதத்தை.

கூட வந்த தோழி, காசு கொடுத்த காதலன், இடம் காட்டிய அக்கா ஆகியோர் மீது உடந்தைக் குற்றச்சாட்டு வரலாம். உதவி செய்யப் புறப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டே புறப்பட வேண்டும்.

இந்த வாசகங்கள் எங்கள் மண்ணில் முளைத்தவை அல்ல. 1860இல் பிரித்தானியர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டக்கோவையை முன்மாதிரியாக வைத்தே இலங்கைக்கும் எழுதினார்கள். அந்த இந்தியச் சட்டக்கோவையின் 312ஆம் பிரிவும் எங்கள் 303உம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிரித்தானியா 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. இந்தியா 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2021இல் குறிப்பிட்ட சில நிலைமைகளுக்கு எல்லையை 24 வாரம் வரை நீட்டியது. 2022 செப்டெம்பர் 29ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் அதே 24 வாரம் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. நேபாளம் 2002இல் மாறியது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் சென்னையில் ஒரு பெண் அரச மருத்துவமனையில் கேட்டுப் பெறும் சிகிச்சை, இந்தப் பக்கம் கொழும்பில் மூன்று வருடச் சிறை. எழுதிக் கொடுத்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள், வாங்கி வைத்திருக்கும் நாங்கள் இன்னும் விடவில்லை.

முதலில் செய்ய வேண்டியது

பார்மசியில் விற்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டியில் இரண்டு கோடு வந்துவிட்டால், அடுத்த முடிவு எதுவானாலும் முதலில் ஸ்கான் ஒன்று எடுங்கள். ஸ்கான் எடுப்பது குற்றம் அல்ல. திருமணச் சான்றிதழ் கேட்க எவருக்கும் அதிகாரம் இல்லை. இரண்டு விடயம் தெரிய வேண்டும்: எத்தனை வாரம், கர்ப்பம் எங்கே தங்கியிருக்கிறது. கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயில் தங்கிவிடும் கர்ப்பம் வெடித்தால் சில மணித்தியாலத்துக்குள் உயிர் போகலாம். அதற்கான சிகிச்சை உயிர்காக்கும் சிகிச்சை, 303ஆம் பிரிவின் விலக்குக்குள் நிற்பது. அரச மருத்துவமனைகளில் அது வழமையாக நடக்கிறது. கருவின் துடிப்பு நின்றுவிட்ட கர்ப்பத்தை வெளியேற்றுவதும் அப்படியே. 'டி.என்.சி. (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தவள்' என்று பக்கத்து வீட்டார் பேசினாலும் அதில் சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை.

தாயின் உயிருக்கு ஆபத்து என்ற விலக்கைப் பயன்படுத்த வேண்டிய நிலை வரும்: கடும் இருதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், உடனே சிகிச்சை தொடங்க வேண்டிய புற்றுநோய். இத்தனை வைத்தியர் கையொப்பமிட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நடைமுறையில் ஒரு மகப்பேற்று நிபுணர் (வி.ஓ.ஜி.) தனித்து முடிவெடுப்பதில்லை, இன்னொரு விசேட வைத்திய நிபுணரின் இணக்கத்தையும் பெறுவார். எனவே இந்தப் பேச்சைத் தனியார் கிளினிக்கில் பத்து நிமிடத்தில் முடிக்காமல், டி சொய்சா மகளிர் வைத்தியசாலை அல்லது காசல் வீதி மகளிர் வைத்தியசாலை போன்ற அரச இடத்தில், உங்கள் இருதய நோய் கிளினிக் புத்தகம், முந்தைய அறிக்கைகள் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பேசுங்கள்.

உயிர் என்றால் எதுவரை உயிர்? இங்கிலாந்தில் 1938இல் ஒரு வழக்கு நடந்தது. படையினரால் வன்புணரப்பட்ட 14 வயதுச் சிறுமியின் கருவைக் கலைத்த வைத்தியர் அலெக் போர்ன், தானே முன்வந்து நீதிமன்றத்தில் நின்றார். பெண்ணின் உடலும் மனமும் சிதைந்துபோகாமல் காப்பதும் உயிரைக் காப்பதில் அடங்கும் என்ற பொருளில் நீதிபதி ஜூரிகளுக்கு விளக்கினார். வைத்தியர் விடுதலையானார். அந்த விரிந்த வாசிப்பை நம்பி இலங்கையில் வைத்தியர்கள் செயற்படுவதில்லை. தற்கொலை எண்ணம் வரை போன பெண்ணுக்கும் இங்கே கிடைப்பது மனநலச் சிகிச்சை மட்டுமே. அதையாவது தவறாமல் கேட்டுப் பெறுங்கள்.

இரத்தம் போகிறது என்றால்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால், இதைப் படியுங்கள்.

கருக்கலைவு தானாக நடந்திருக்கலாம். யாரோ ஒருவரிடம் வாங்கிய மாத்திரையால் நடந்திருக்கலாம். ஏதாவது ஒரு பின்கட்டு அறையில் கருவி விட்டதால் நடந்திருக்கலாம். எப்படி நடந்தாலும் ஆபத்தின் அடையாளங்கள் ஒரே மாதிரிதான். ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பாட் நனைந்து, அது இரண்டு மணித்தியாலம் தொடர்வது, நடுக்கத்துடன் காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல், குறையாத அடிவயிற்று வலி, தலைசுற்றி விழுதல், தோள்பட்டையில் குத்து. இவற்றில் ஒன்று வந்தாலே காத்திருக்கக் கூடாது. இரவென்றும் பகலென்றும் பார்க்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலை கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையிலிருந்து டி சொய்சா அல்லது தேசிய வைத்தியசாலை. அரச மருத்துவமனையில் இதற்குக் காசு இல்லை.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். என்ன மாத்திரை, எத்தனை, எப்போது, கருவி ஏதும் உள்ளே போனதா என்பது தெரிந்தால்தான் சரியான மருந்து கிடைக்கும். கருப்பையில் துளை விழுந்திருப்பதை மறைத்தால் மறைத்தவருக்கே முடிவு. சுகாதார அமைச்சு 2015இல் கருக்கலைவுக்குப் பின்னான கவனிப்புக்கென்று தேசிய வழிகாட்டல்களை வெளியிட்டிருக்கிறது. கலைவு எப்படி நேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லாமல், இரகசியம் காத்து, சிகிச்சை தருவதும் அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட ஆலோசனை தருவதும் அதன் அடிப்படை. வார்டில் யாராவது முகம் சுளிப்பார்கள். 'கல்யாணம் முடிச்சதா' என்று நாலு பேர் கேட்கச் சத்தமாகக் கேட்பார்கள். அது நடக்கிறது, நடக்கக் கூடாது. உங்களுக்கு அந்த வழிகாட்டலின்படி கவனிப்புக் கிடைக்க வேண்டும் என்று வார்டுப் பொறுப்பு வைத்தியரிடம் நேரே சொல்லலாம்.

கூட நிற்கும் உறவினருக்கு ஒரு சொல். அம்மாவாக இருந்தாலும் அக்காவாக இருந்தாலும், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தொற்று இரத்தத்தில் ஏறிவிட்டால் உங்களுக்குத் திட்டவும் ஆள் இருக்காது. பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் வரும் கிருமித்தொற்று இந்த நாட்டின் தாய்மரணக் காரணங்களில் இன்னும் ஒன்றாக நிற்கிறது. இலவசப் பிரசவ சேவையும் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும் உள்ள நாட்டில் இப்படி ஒரு மரணம் நடக்கவே கூடாது.

மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொலைபேசிச் செய்தியில் பேரம் பேசி, தெருமுனையில் கைமாற்றும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. உறையில்லாமல், திகதி இல்லாமல், இத்தனை வாரத்துக்கு இத்தனை என்ற கணக்கும் இல்லாமல் வரும். பல மடங்கு விலை கேட்பார்கள், பிறகு அதையே சொல்லி மிரட்டிக் காசு பிடுங்குவார்கள். நாளொன்றுக்கு 650க்கும் மேற்பட்ட கருக்கலைப்புகள் இலங்கையில் நடப்பதாக ஒரு மதிப்பீடு அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. சட்டம் இவ்வளவையும் தடுக்கவில்லை. வைத்தியரின் கையிலிருந்து எடுத்து இந்த வியாபாரிகளின் கையில் கொடுத்திருக்கிறது. காசுள்ளவர் வெளிநாடு போகிறார். அறை வாடகைக்கே கணக்குப் பார்க்கும் பிள்ளை, மலையகத்திலிருந்து வந்து வீட்டுவேலை செய்யும் பிள்ளை, தெருமுனைக்குப் போகிறாள்.

பொலிஸ் கேட்டால்

வாக்குமூலம் எடுக்க வார்டுக்கே வரக்கூடும். முதலில் உடம்பு, பிறகு பதில். மயக்கத்தில், வலியில் எதையும் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தரணி வரும்வரை பொறுக்கச் சொல்லலாம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். மறுத்தால் அவர்கள் நீதவானிடம் கட்டளை பெற்றுத்தான் வர முடியும். கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்.

கொழும்புத் தமிழர் அதிகம் கைவிடும் உரிமை மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அலுவலருடன் தமிழில் பேசவும் எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு. 24ஆம் உறுப்புரையின்படி நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு அரசின் பொறுப்பு. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை 'சைன் பண்ணுங்க, ஒண்டும் இல்ல' என்று நீட்டினால் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்காமல் வைத்த ஒரு கையொப்பத்தைப் பிறகு அழிக்க வருடக் கணக்கில் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடக்க வேண்டிவரும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு அதே புதுக்கடை மேல் நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கிறது. தமிழ் பேசும் சட்டத்தரணி வேண்டும் என்று கேளுங்கள்.

முதல் 72 மணித்தியாலம்

கருத்தடை தவறினால், ஆணுறை கிழிந்தால், அல்லது வன்முறை நடந்திருந்தால், அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். காலி வீதிப் பார்மசிகளில் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும், போஸ்டினர் என்றால் தெரியும். ஏற்கெனவே தங்கிவிட்ட கர்ப்பத்தை அது கலைக்காது. எனவே 303க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐந்து நாளுக்குள் என்றால் செப்பு லூப் இன்னும் உறுதியான வழி. மணமாகாத பெண்கள் பகுதிக் கிளினிக்கில் கூச்சப்படுவார்கள், அங்குள்ள பதிவுமுறை குடும்பங்களை மனதில் வைத்தே அமைந்தது. கொழும்பு 7, புல்லர்ஸ் லேனில் உள்ள குடும்பத் திட்டமிடல் சங்கத்துக்குப் போகலாம், 1953இலிருந்து இயங்கும் நிறுவனம் அது.

வன்புணர்வு என்றால் குளிக்காமல், உடை மாற்றாமல் நேரே மருத்துவமனைக்கு. பெண்கள் உதவிக்கு 1938, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் 1929. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் சட்டத்தில் சம்மதமே அல்ல. ஆனாலும் அந்தப் பிள்ளை கர்ப்பமாகிவிட்டால், உயிருக்கு ஆபத்து இல்லாதவரை அதைச் சுமந்து பெற வேண்டும் என்பதே இன்றைய சட்டம். பெற்றபின் வளர்க்க முடியாவிட்டால், முத்திரைத்தாளில் எழுதித் தரும் தரகர்களிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தினூடாகவும் நீதிமன்றத்தினூடாகவும்தான் மகவேற்பு நடக்க வேண்டும். பிறந்து இறந்த குழந்தையை மறைவாகப் புதைப்பதும் 309ஆம் பிரிவின்படி குற்றம். பயந்து அதைச் செய்தவர்கள் இல்லாத குற்றத்துக்குப் பதில் இருக்கும் குற்றத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் இன்னும் மாறவில்லை

இரண்டு தடவை கதவு பாதி திறந்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, வன்புணர்வு, முறைதகா உறவு, கருவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்குத் தரும் வாசகமும் சட்டமூலத்தில் இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு வந்ததும் அது மட்டும் கழற்றப்பட்டது. மற்றத் திருத்தங்கள் 22ஆம் இலக்கச் சட்டமாயின. 2017இல் நீதியரசர் புவனேக அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி அமைச்சரவை மறுபடி இணங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். சட்டமூலம் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. அதே ஆண்டு, பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழுவும் சட்டத்தைத் திருத்தும்படி இலங்கையைக் கேட்டிருந்தது.

நீதிமன்றம் போனால் என்ன என்று இளம் சட்ட மாணவர்கள் கேட்பார்கள். இந்தியாவில் போகலாம். இங்கே 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அதற்கு முன்பிருந்த எழுத்துச் சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது. 1883ஆம் ஆண்டுச் சட்டத்தை எந்த நீதியரசராலும் நீக்க முடியாது. நீக்கக் கூடியது பாராளுமன்றம் ஒன்றுதான்.

எதிர்ப்பவர்களின் வாதத்தை நான் இலேசாக எடுப்பதில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரும் அம்மா, கருவும் ஒரு உயிர்தான் என்று நம்பினால் அந்த நம்பிக்கை உண்மையானது. குறைபாடுள்ள கருவைக் கலைக்கலாம் என்றால் மாற்றுத்திறனாளியின் உயிருக்கு மதிப்பில்லையா என்ற கேள்வியும் நியாயமான கேள்வி. ஆனால் அந்த அம்மா தன் நம்பிக்கையின்படி தன் கர்ப்பத்தைச் சுமக்க எந்தச் சட்டத் திருத்தமும் தடையாகாது. இன்றைய சட்டம், அவருடைய நம்பிக்கை இல்லாத, வன்புணரப்பட்ட ஒரு பிள்ளையைச் சிறைப் பயம் காட்டிச் சுமக்க வைக்கிறது.

தமிழ்ப் பெண்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 2013 ஓகஸ்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், விளக்கம் தராமல், வற்புறுத்தி, கருத்தடை உட்பொருத்திகள் வைக்கப்பட்டதாகப் பெண்கள் குற்றஞ்சாட்டினார்கள். பெறு என்று கட்டளையிடுவதும் பெறாதே என்று கட்டளையிடுவதும் ஒரே அதிகாரம். ஒன்றை எதிர்ப்பவர் மற்றதையும் எதிர்த்தே ஆக வேண்டும். உங்கள் கையில் ஊசி போடுமுன், பொருத்தி வைக்குமுன், லூப் வைக்குமுன் என்னவென்று தமிழில் கேட்டு, விளங்கினால் மட்டும் சம்மதியுங்கள். பிடிக்காவிட்டால் அகற்றச் சொல்லுங்கள். அது இன்றே உங்களிடம் உள்ள உரிமை.

கொழும்பு மாவட்டத்தில் வாக்குள்ளவர்கள் அடுத்த தேர்தலில் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், கட்சி எதுவானாலும், ஒரு கேள்வி கேளுங்கள்: 2017இல் அமைச்சரவை இணங்கிய அந்தத் திருத்தத்துக்குப் பாராளுமன்றத்தில் கை உயர்த்துவீர்களா? பதிலைக் குறித்து வையுங்கள். அதுவரை, 1990 என்ற இலக்கத்தையும் ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தையும் உங்கள் தொலைபேசியிலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் தொலைபேசியிலும் இன்றே பதிந்து விடுங்கள்.